எலியைத் தேடி வராத விரியன்: தேயிலை மலையில் கோப்பி விரியனுக்கு என்ன இரை?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் யாரையாவது பாம்பு கடித்துவிட்டது என்று செய்தி வந்தால், அதன் பின்னாலேயே மூன்று பேச்சுகள் கிளம்பும். லயத்தில் (தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளில்) எலி பெருகிவிட்டது, அதனால்தான் பாம்பு வருகிறது என்பது முதலாவது. மலையைத் துப்புரவாக வைத்திருந்தால் பாம்பு அண்டாது என்பது இரண்டாவது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோயும் விஷமுறி ஊசி போடவில்லை, தோட்டத்து ஆட்கள் என்றால் இவ்வளவுதான் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது எப்போதும் கோபத்தோடுதான் சொல்லப்படும். அந்தக் கோபத்துக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறும் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றில் எது சரி, எது தவறு என்பதைப் பிரித்தறிய, கடித்தது எந்தப் பாம்பு, அது எதைத் தின்கிறது, எப்படி வேட்டையாடுகிறது என்ற இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான விளக்கங்கள் வயல்வெளிப் பாம்பை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. தேயிலை மலையின் பாம்பு வேறு.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம்?

இலங்கையில் நூற்றுக்கும் மேற்பட்ட பாம்பு இனங்கள் இருக்கின்றன. நிலத்தில் வாழ்பவற்றில் மனிதருக்கு ஆபத்தானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2012-2013 காலத்தில் நாடு முழுவதும் வீடுவீடாக நடத்தப்பட்ட ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஓராண்டில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது; அவர்களில் சுமார் 30,000 பேருக்கு உடலில் விஷம் ஏறுகிறது; 400க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். இறப்புகளுக்குப் பெரும்பாலும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நாகமும் காரணம். விஷக்கடிகளின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் முன்வரிசையில் நிற்பது இவற்றைவிட மிகச் சிறிய ஒரு பாம்பு: கோப்பி விரியன்.

வளர்ந்த கோப்பி விரியனின் நீளம் பெரும்பாலும் 30 முதல் 45 சென்டிமீட்டர். சுருண்டு படுத்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். உடல் முழுவதும் காய்ந்த இலையின் பழுப்பு; முதுகின் இரு பக்கத்திலும் கருந்திட்டுகள்; முக்கோணத் தலை. மூக்கு நுனி சற்று மேல்நோக்கித் தூக்கியிருப்பதுதான் இதன் அடையாளம். சுருண்டிருக்கும்போது தலையை மட்டும் ஏறத்தாழ 45 பாகை சாய்வில் நிமிர்த்தி வைத்திருக்கும். சிங்களத்தில் இதைக் குணகட்டுவா என்றும் பொலொன் தெலிஸ்ஸா என்றும் சொல்வார்கள்.

இது ஒரே இனமும் அன்று. ஹிப்னாலே என்ற பேரினத்தில் மூன்று இனங்கள் இருப்பதாக 2009இல் வெளிவந்த வகைப்பாட்டு மீளாய்வு வரையறுத்தது. ஹிப்னாலே ஹிப்னாலே இலங்கையிலும் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கிறது. ஹிப்னாலே நேப்பா, ஹிப்னாலே ஸாரா ஆகிய இரண்டும் இலங்கைக்கு மட்டுமே உரியவை. நேப்பா மலைநாட்டின் ஈரக் காடுகளையும் அவற்றை ஒட்டிய நிலங்களையும் சார்ந்தது. உணவுப் பழக்கத்தின் அடிப்படை மூன்றுக்கும் பொதுவானதால், இங்கே மூன்றையும் கோப்பி விரியன் என்றே குறிப்பிடலாம்.

வயிற்றுக்குள் கிடைப்பவை

ஒரு பாம்பு எதைத் தின்கிறது என்பதை அறிய வழிகள் குறைவு. அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட உடல்களின் வயிற்றைத் திறந்து பார்ப்பது, பிடிபட்ட பாம்பின் எச்சத்தைச் சோதிப்பது, வேட்டையாடும்போது நேரில் பார்ப்பது. மூன்றிலும் குறை உண்டு. மயிரும் செதிலும் நகமும் எளிதில் செரிப்பதில்லை. எச்சத்தில் அப்படியே வந்துவிடும். தவளையின் மென்மையான உடலும் மெல்லிய எலும்பும் ஏறக்குறையத் தடயமில்லாமல் கரைந்துபோகும். ஆகவே எச்சத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எலி அதிகமாகவும் தவளை குறைவாகவும் தெரியும்.

இந்தக் குறையையும் மீறி, கோப்பி விரியனின் உணவுப் பட்டியலில் முதலிடத்தில் நிற்பவை அரணை, பல்லி, ஓணான் போன்ற சிறு ஊர்வனவும் தவளைகளும்தான். அவற்றோடு ஊர்வனவற்றின் முட்டைகள், சிறு பாம்புகள், எப்போதாவது சுண்டெலியும் மூஞ்சூறும். "அரணை கடித்தால் மரணம்" என்று நம் ஊர்களில் குழந்தைகளைப் பயமுறுத்துவோம். அந்தப் பாவப்பட்ட அரணைக்கு விஷமே கிடையாது. சருகுக்குள் அதைத் தின்னக் காத்திருக்கும் விரியனுக்குத்தான் விஷம் இருக்கிறது.

மலைநாட்டின் தரைமட்ட விலங்குகளை அறிந்தால் இந்தப் பட்டியல் வியப்பளிக்காது. இலங்கைக்கு மட்டுமே உரிய லங்காசிங்கஸ் என்ற அரணைப் பேரினம் சருகுக்கு அடியில் வாழ்வது. விரல் நீளம்கூட இல்லாத உடல், குட்டையான கால்கள், பளபளக்கும் பழுப்பு முதுகு. காட்டில் மட்டுமன்றித் தோட்டங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் இவற்றைப் பார்க்கலாம்.

தவளைகளின் கதை இன்னும் சுவையானது. சூடோபிலாடஸ் என்ற புதர்த்தவளைப் பேரினத்தில் இலங்கையில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. இவை தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈரமண்ணில் சிறு பள்ளம் தோண்டியோ, சில இனங்கள் இலையின் மேலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வாற்பேய் பருவம் கழிந்துவிடும். வெளியே வருவது முழுமையான தவளைக்குஞ்சு. குளமோ ஓடையோ தேவையில்லை என்பதால், மழையும் நிழலும் சருகும் இருக்கும் எந்தச் சரிவிலும் இவை வாழ முடியும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை இரவில் தேயிலைக்குள்ளிருந்து கேட்கும் "டிக் டிக்" ஒலிகளில் பல இந்தத் தவளைகளுடையவை. பாம்பின் கண்ணில் அந்தச் சரிவு முழுவதும் உணவு.

எலி ஏன் பட்டியலில் கீழே இருக்கிறது?

பாம்பு இரையைக் கிழித்துத் தின்னாது, முழுதாக விழுங்கும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டாமல் தசைநாரால் மட்டும் இணைந்திருப்பதால் வாய் நன்றாக விரியும் என்பது உண்மைதான். விரிவதற்கும் எல்லை உண்டு. வளர்ந்த வீட்டெலி, ஒரு கோப்பி விரியனின் முழு உடல் எடையைவிட அதிகம் இருக்கும். அதைக் கடித்துக் கொன்றாலும் விழுங்க முடியாது. கண் திறக்காத எலிக்குஞ்சோ சுண்டெலியோ அகப்பட்டால் விடாது. ஆனால் எலி வளைக்குள் புகுந்து தேடும் பழக்கமும் அதற்கு இல்லை.

எலியைத் தேடி வருபவை வேறு பாம்புகள். சாரை பகலெல்லாம் அலைந்து எலி பிடிக்கும், விஷமில்லாதது. நாகம் எலி வளைக்குள் புகும். கண்ணாடி விரியனுக்கு, வளர்ந்த பிறகு, எலிதான் முதன்மை உணவு. நெல்வயலில் அது பெருகுவதற்கு அதுவே காரணம். பதுளைப் பக்கத்துத் தாழ்ந்த, வறண்ட சரிவுகளில் கண்ணாடி விரியனைச் சந்திக்க வாய்ப்புண்டு. அங்கே "எலியை ஒழி" என்ற அறிவுரை பொருந்தும். மேலே ஏற ஏற அந்த அறிவுரையின் பொருத்தம் குறைகிறது. லயத்து எலியை முற்றாக ஒழித்தாலும் தேயிலைக்குள் இருக்கும் கோப்பி விரியனின் சோற்றில் ஒரு பருக்கையும் குறையாது. எலியை ஒழிக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, எலிக்காய்ச்சல் ஒன்றே போதும். இந்தப் பாம்பை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

லயத்துக்குள் இது வருவதே இல்லையா என்றால், வருகிறது. வழி வேறு. விளக்குக்குப் பூச்சி வருகிறது. பூச்சிக்குப் பல்லியும் தேரையும் வருகின்றன. குப்பைமேட்டு ஈக்குத் தவளை வருகிறது. அடுக்கிவைத்த விறகின் அடியில் அரணை ஒதுங்குகிறது. இவற்றின் பின்னால் விரியன் வருகிறது.

அசையாமல் செய்யும் வேட்டை

சாரை தேடி அலையும் வேட்டைக்காரன். கோப்பி விரியன் காத்திருக்கும் வேட்டைக்காரன். இரை வரக்கூடிய இடத்தைத் தெரிந்தெடுத்து, சருகோடு சருகாகச் சுருண்டு, மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கிலும் ஒரே இடத்தில் கிடக்கும். ஓடித் திரியாததால் சக்தி செலவாவதில்லை. ஒரு நல்ல இரை அகப்பட்டால் வாரக்கணக்கில் பசி தாங்கும். வேட்டை நடக்கும் ஒழுங்கு இது:

1. இடம் பார்த்தல். நாக்கை வெளியே நீட்டி இழுக்கும்போது காற்றிலும் தரையிலும் உள்ள நுண்துகள்கள் அதில் ஒட்டும். வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை உணர்ந்து, இந்த வழியில் அரணை போனதா, தவளை போனதா என்று சொல்லும். வழித்தடம் உள்ள இடத்தில் பாம்பு படுக்கும்.

2. வெப்பத்தைப் படித்தல். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே பக்கத்துக்கொரு குழி இருக்கிறது. குழிவிரியன் என்ற குடும்பப் பெயர் இதனால் வந்தது. குழிக்குள் நரம்பு முனைகள் நிறைந்த மெல்லிய சவ்வொன்று தொங்குகிறது. எதிரே இருக்கும் பொருளின் வெப்பம் பின்னணியின் வெப்பத்திலிருந்து மிகச் சிறிதளவு மாறினாலும் அந்தச் சவ்வு உணரும். மூளையில் அந்தச் செய்தி கண்ணின் காட்சியோடு சேர்கிறது. எலி போன்ற வெப்ப இரத்த விலங்கைப் பிடிக்க இது உதவும் என்பது எளிதில் புரியும். அரணையும் தவளையும் தம் உடலில் வெப்பத்தை உண்டாக்கி வைத்திருக்காத உயிர்களாயிற்றே, அவற்றுக்குக் குழி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. குழி உணர்வது வெப்பத்தின் அளவை அன்று, வேறுபாட்டை. வெயில் காய்ந்துவிட்டு வந்த அரணை குளிர்ந்த சருகின் மேல் சற்றுச் சூடாகத் தெரியும். ஈரத்தோலிலிருந்து நீர் ஆவியாகும் தவளை சற்றுக் குளிராகத் தெரியும். வேறுபாடே இல்லாத இருட்டு மழை இரவில் அசைவும் மணமும் கைகொடுக்கும்.

3. வால் காட்டுதல். இதை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கோப்பி விரியனின் வால்நுனி உடல் நிறத்திலிருந்து மாறுபட்டு மஞ்சளாகவோ செம்மையாகவோ இருக்கும். குட்டிகளில் இது எடுப்பாகத் தெரியும். பாம்பு சுருண்டு கிடக்கும். உடலில் எந்த அசைவும் இருக்காது. சுருளின் ஓரத்திலிருந்து வால்நுனி மட்டும் மெல்ல எழும்பும். இரண்டு முறை நெளியும், நிற்கும், மறுபடி நெளியும். தூண்டிலில் கோத்த புழு போல. பக்கத்தில் அரணை இருந்தால் முதலில் தலையைத் திருப்பும். ஓரடி முன்னால் வந்து நிற்கும். வால் நின்றுவிட்டால் அரணையும் நிற்கும். நெளிந்தால் அரணை நெருங்கும். புழு என்று நம்பி வாயைத் திறக்கும் தூரத்துக்கு வரும்போது, வாலுக்குச் சற்று மேலேதான் பாம்பின் தலை காத்திருக்கிறது. பிறக்கும்போதே 13, 14 சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டிக்கு இரையைத் துரத்தும் வலு கிடையாது. தாய் ஊட்டுவதும் இல்லை. முட்டையாக வெளியே வராமல் உயிருள்ள குட்டியாகப் பிறந்த நாளிலிருந்து அது தானே தேடித் தின்ன வேண்டும். இந்த வால்தான் அதன் முதலீடு.

4. கடித்தலும் பிடித்தலும். விரியன்கள் எலியைக் கடித்தால் பொதுவாக உடனே விட்டுவிடும். எலி திருப்பிக் கடிக்கும் என்பதால், விஷமேறிச் சாகும் வரை காத்திருந்து மணத்தைத் தொடர்ந்து போய் விழுங்கும். தவளையும் அரணையும் எதிர்த்துத் தாக்கும் ஆபத்துக் குறைந்தவை. விட்டால் சருகுக்குள் நழுவிவிடும். அவற்றைக் கவ்விய வாய் விடாமல் பிடித்திருந்து, அசைவு அடங்கியதும் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும்.

5. விஷத்தின் வேலை. இரையைக் கொல்வது அதில் ஒரு பாதி. விரியன் விஷத்தில் புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் நிறைய உண்டு. இரத்தக் குழாயின் சுவரையும் தசையையும் குலைப்பவை, இரத்தம் உறையும் ஒழுங்கைக் கெடுப்பவை. விழுங்கிய இரை உள்ளேயிருந்து குலையத் தொடங்குவதற்கும் இவை உதவுகின்றன என்ற கருத்து நெடுநாளாக இருக்கிறது. மனிதக் காலில் கடித்தாலும் அதே நொதிகள் அதே வேலையைத்தான் செய்யும். வீக்கமும் கொப்புளமும் வலியும் அங்கிருந்து வருகின்றன.

தேயிலைத் தூருக்கு அடியில் ஒரு காடு

மேலேயிருந்து பார்த்தால் தேயிலை மலை ஒற்றைப் பயிர், உயிரற்ற பச்சை. குனிந்து வாதுகளுக்கு, அதாவது தேயிலைக் கிளைகளுக்கு, அடியில் பார்த்தால் காட்சி மாறும். இடுப்பளவில் மட்டமாக வெட்டிவிடப்பட்ட செடிகள் ஒன்றோடொன்று கைகோத்துக் கூரை போட்டிருக்கின்றன. உள்ளே வெயில் விழுவதில்லை. தேயிலைச் சருகும் கிரவிலியா நிழல் மரத்தின் சருகும் விரல் கனத்துக்குக் கிடக்கின்றன. செடி வரிசைகளுக்கு நடுவே கான்கள் (மழைநீர் வடியும் வாய்க்கால்கள்) ஓடுகின்றன. மழை விட்ட பிறகும் அவற்றில் ஈரம் நிற்கும். கல் அடுக்கிய அணைகள் வேறு. காட்டின் தரையில் சிறு தவளைக்கும் அரணைக்கும் தேவையானவற்றில் கணிசமானது இங்கே கிடைத்துவிடுகிறது. காட்டில் உள்ள எல்லா இனமும் தேயிலைக்குள் வாழாது. மலைநாட்டின் அரிய ஓணான்கள் பல காட்டை விட்டு வெளியே வருவதில்லை. வரக்கூடிய சில இனங்கள் போதும், கோப்பி விரியனுக்கு.

வேலை முறைகள் மாறும்போது இந்த அடித்தளமும் மாறுகிறது. கவ்வாத்து வெட்டிய மலையில் கூரை போய்விடும்; வெயில் நேரே தரையில் விழும். வெட்டிய மிலாறு (தேயிலைக் குச்சிகள்) அங்கேயே பரப்பப்படும் அல்லது குவிக்கப்படும். மலை முழுவதும் சிதறியிருந்த தவளையும் அரணையும் நிழலுக்கும் ஈரத்துக்கும் இந்தக் குவியல்களுக்குள் ஒதுங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். பாம்பும் அங்கேதான் போகும். விறகுக்காக மிலாறு அள்ளும் கை போகும் இடமும் அதுவே.

களை இன்னொரு காரணி. கிளைபோசேட் களைநாசினிக்கு 2015இல் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அது தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. தடைக் காலங்களில் களை மண்டியது. மருந்து இல்லாத இடத்தில் கையும் சுரண்டியும் இறங்கின. இதனால் பாம்புக்கடி எவ்வளவு கூடியது என்று எண்ணிக்கை சொல்லத் துணிய வேண்டாம். ஆனால் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடந்தன என்பது தெளிவு: இரைக்கு மறைவிடம் கூடியது, மனிதக் கை தரைக்கு நெருங்கியது. கூலி கொடுத்து ஒழுங்காகக் களையெடுக்காமல் காடாக விடப்பட்ட மலைகளில் பாம்பும் சிறுத்தையும் குளவியும் சேர்ந்தே பேசப்படுவது தற்செயல் இல்லை. இந்தப் பொறுப்பைப் பாம்பின் தலையில் கட்ட முடியாது.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. செரிமானத்துக்கு வெப்பம் வேண்டும். தன் உடலில் வெப்பம் உண்டாக்காத பாம்பு குளிரில் இரையை விழுங்கினால் அது மெதுவாகத்தான் செரிக்கும். மிகக் குளிர்ந்தால் விழுங்கியதைக் கக்கிவிடவும் கூடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் வரை கோப்பி விரியன் காணப்படுகிறது. நுவரெலியா நகரம் ஏறக்குறைய அந்த எல்லையில் இருக்கிறது. அதற்கு மேலே தோட்டத்தில் பார்க்கும் சிறு பழுப்புப் பாம்பு பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். குறிப்பாக ஆஸ்பிடுரா என்ற பேரினம்: மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழு தின்பது, விஷமில்லாதது, இலங்கைக்கே உரியது. மரக்கறித் தோட்டத்தில் மண் கிளறும்போது வெளிப்பட்டு, விரியன் குட்டி என்று அடிபட்டுச் சாகும் பாம்பு இதுதான். ஆஸ்பிடுராவின் தலை கழுத்திலிருந்து பிரிந்து தெரியாது; கோப்பி விரியனின் முக்கோணத் தலை கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்திருக்கும்.

வேட்டை முறையிலிருந்து கடி வரை

கோப்பி விரியன் ஏன் இவ்வளவு பேரைக் கடிக்கிறது என்பதற்கு அதன் கோபம் காரணமில்லை. மேலே சொன்ன வேட்டை முறையின் தொடர் விளைவு அது.

1. அசையாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு. ஆள் வரும் அதிர்வு கேட்டதும் சாரை ஓடிவிடும். கோப்பி விரியன் நிறத்தை நம்பி அப்படியே கிடக்கும். தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போனால் பாம்பு விலகிவிடும் என்ற வழக்கமான அறிவுரை இந்தப் பாம்பிடம் பெரிதாகச் செல்லாது. சருகையும் மிலாற்றையும் நீண்ட கழியால் புரட்டிவிட்டுக் கை வைப்பது செல்லும்.

2. இரை தரையில் இருப்பதால் பாம்பும் தரையில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும்போது கைகள் இடுப்பு மட்டத்தில், செடியின் மேலே இருக்கின்றன. கால்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தூர்களுக்கு நடுவே நுழைகின்றன. இடுப்பில் கட்டிய படங்கு (தடித்த விரிப்பு) முழங்காலுக்குப் பாதுகாப்பு; பாதத்துக்கு இல்லை. கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும் விழுவது இதனால். புல் பிடுங்கும்போதும் கான் வெட்டும்போதும் மிலாறு அள்ளும்போதும் விரல்கள் அந்த இடத்துக்கு வருகின்றன.

3. தவளை வெளிவரும் நேரமே வேட்டை நேரம். இருட்டியபின் பீலிக்கரைக்கும் (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கும்) கழிவறைக்கும் வெறுங்காலோடு போகும் படிக்கட்டுகளில், குறிப்பாக மழை விட்ட மாலைகளில், டோர்ச் வெளிச்சம் இல்லாமல் நடப்பது ஆபத்தானது.

இப்போது "துப்புரவு" என்ற இரண்டாவது பேச்சுக்கு வரலாம். அது பாதி சரி. லயத்தைச் சுற்றியும் நடைபாதையிலும் புல்லையும் சருகையும் அகற்றினால் இரை ஒதுங்காது. ஒதுங்கினாலும் பாம்பு கண்ணில் படும். விறகைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குவதும் உதவும். தேயிலை மலைக்குள் இந்த வழி நடக்காது. சருகையும் மிலாற்றையும் முழுவதும் வாரி எடுத்தால் சரிவின் மேல்மண் அடுத்த மழையில் கானோடு போய்விடும். அங்கே பாதுகாக்க வேண்டியது காலையும் கையையும்: சப்பாத்தும் கையுறையும். மழையில் வழுக்காத, கொழுந்து பறிக்கும் விரலின் உணர்வைக் கெடுக்காத வகையில் அவற்றைக் கொடுப்பது நிர்வாகங்களின் வேலை. வெறுங்காலோடு போகிறார்கள் என்று தொழிலாளரைக் குறை சொல்வது எளிது; சப்பாத்து யார் செலவில் என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

ஊசி ஏன் போடவில்லை?

மூன்றாவது பேச்சு. இலங்கை வைத்தியசாலைகளில் வழக்கமாகப் பயன்படும் விஷமுறி மருந்து இந்தியாவில் தயாராகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்வது அது. இந்த நான்கில் கோப்பி விரியன் இல்லை. அதன் விஷத்தை அந்த மருந்து முறிக்காது. பயன் இல்லை என்பதோடு நிற்பதுமில்லை; குதிரைப் புரதத்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து, கடியைவிட ஊசியே ஆபத்தாகவும் முடியலாம். கடித்தது கோப்பி விரியன் என்று உறுதியானால் ஊசியைத் தவிர்ப்பதுதான் சரியான மருத்துவம். இதை உறவினருக்குப் புரியும் மொழியில், தமிழில், பொறுமையாக ஒருவர் சொன்னால் பாதிக் கோபம் அடங்கும்; அது பல இடங்களில் நடப்பதில்லை என்பதுதான் உண்மையான குறை.

உறுதிப்படுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடி விரியன் குட்டியும் கோப்பி விரியனும் ஏறக்குறைய ஒரே நீளம், அவசரத்தில் மாறிப்போகும். அதற்காகப் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். செத்த பாம்பின் தலையும் சிறிது நேரம் வரை கடிக்கும். முடிந்தால் எட்ட நின்று தொலைபேசியில் ஒரு படம் போதும். வைத்தியர்கள் இரத்தத்தையும் பார்ப்பார்கள்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் வழிந்தால் விஷம் இரத்த உறைவைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். கண்ணாடி விரியன் கடியில் இது அடிக்கடி நிகழும்; கோப்பி விரியன் கடியில் சிறு பகுதியினருக்கே நிகழும்.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை சில. மோதிரம், கொலுசு, வளையல் இவற்றைக் கழற்ற வேண்டும். வீக்கம் வந்தபின் அவை இறுகிவிடும். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும், அல்லது தோட்டத்து வாகனத்தில் கொண்டுபோக வேண்டும். கயிறால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். திசுவைச் சிதைக்கும் விஷம் இது. கட்டுப்போட்டு ஒரே இடத்தில் தேக்கினால் அந்த இடம்தான் இன்னும் கெடும்.

பெரும்பாலானவர்களுக்கு வலியும் வீக்கமும் கொப்புளமுமாகச் சில நாளில் குணமாகும். ஒரு சிறு பகுதியினருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, இறப்புகளும் நடந்திருக்கின்றன. ஊசி போடவில்லை, எனவே கடி சாதாரணமானது என்று எண்ணி மறுநாளே பெயர் வெட்டிக்கொண்டு (வைத்தியசாலையிலிருந்து விலகி) போவது இதனால் ஆபத்தானது. வீட்டுக்கு வந்தபின் சிறுநீர் குறைந்தாலோ, கறுத்துப் போனாலோ, முகமும் காலும் வீங்கினாலோ அன்றைக்கே மீண்டும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். போகும்போது முதலில் தந்த நோய்க்குறிப்பு அட்டையையும் கொண்டுபோக வேண்டும்.